தீவுக்கு உப்பு யார் கொண்டு போனார்கள்?

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. என் வீட்டுக்காரரின் அண்ணன், மூத்தார், போன பிறகு அவருடைய இரண்டு பிள்ளைகளும் என் அடுப்பில்தான் வளர்ந்தார்கள். ஆறு வயிற்றுக்கு மூன்று வேளையும் உலை வைத்தவளிடம் ஒருத்தன் நடுக்கடல் தீவில் நூறு அடியாட்களை வைத்துக் குடித்தனம் நடத்துகிறான் என்று கதை சொன்னால், அவளுக்குச் சில கேள்விகள் வரத்தான் வரும்.

போன மாதம் டிவியில் அப்படி ஒரு துப்பறியும் படம். என் பேத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். சுற்றிலும் கடல், நடுவில் ஒரு பாறை, பாறைக்குள் கண்ணாடி மாளிகை. எல்லா அடியாட்களும் ஒரே மாதிரி கறுப்பு உடுப்பு, மடிப்புக் கலையாமல்.

"இவங்க துணியெல்லாம் யாரு தொவைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"ஆயா, இது ஸ்பை படம். அதெல்லாம் கேக்கக் கூடாது."

"கேக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? நூறு பேரு துன்னுட்டு கை கழுவறாங்க இல்ல? அந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது? சுத்தி இருக்கிறது உப்புத் தண்ணி."

அவள் சிரித்தாள். அறுபது வருடத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு இதே சிரிப்பைக் கேட்டவள் நான். அப்போது சிரித்தது நீங்கள், என் வயதுக்காரிகளே. சினிமாக் கொட்டாயில் என்னோடு மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதே வாரம் புத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் உங்களில் ஒருத்தி வடையைக் கடித்துக்கொண்டே என் மருமகளிடம் சொன்னாள்: "உங்க மாமியாரோட அத்தை இருந்தாங்களே, கொட்டாயில படம் ஓட்டற மிஷின்காரனோட ஓடிப் போயிட்டாங்க. உனக்குத் தெரியாதா?" பெயரைச் சொல்ல மாட்டேன். என் மருமகள் என்னைப் பார்த்தாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். எழுந்தது பதில் இல்லாமல் அல்ல. பதில் பெரியது, பந்தியில் சொல்லி முடியாது.

நான் மூன்றாம் வகுப்புதான். எழுத்து கோணலாக வரும், ஒற்று விழுந்துபோகும். பேத்தி திருத்தித் தருவாள். ஆனால் விஷயம் கோணல் இல்லை.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் நம் ஊர். அறுவடை முடிந்த நிலத்தில் தை மாதம் கொட்டாய் போட்டால், வெயில் முற்றும் வரை இருக்கும். தரை டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பு உயர மண் சுவர். அந்தப் பக்கம் பீடிப் புகை, இந்தப் பக்கம் வேர்க்கடலைத் தோல், நம் மல்லாட்டைத் தொலி. அந்த வருடம் வந்த படத்தில் வில்லனுக்கு ஒரு தீவு. பாறையில் கை வைத்தால் கதவு திறக்கும். உள்ளே ஆட்கள், ஆட்கள், ஆட்கள். நீங்கள் எல்லாம் அவனுடைய துப்பாக்கியைப் பார்த்தீர்கள். நான் அடுப்பைத் தேடினேன். ஒரு மூலையிலும் அடுப்பு இல்லை.

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். சத்தம் அடங்கிய அந்த நேரத்தில் என் குரல் தெரியாமல் பெரிதாக வந்துவிட்டது: "இவ்ளோ பேருக்கு உப்பு யாரு கொண்டாறாங்க?"

கொட்டாயே சிரித்தது. மண் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர், "உங்க நைனாதாம்மா மாட்டு வண்டியில ஏத்திக்கினு போறாரு!" என்றார். நீங்கள் என் முதுகில் மல்லாட்டைத் தொலியை எறிந்தீர்கள்.

சிரிக்காதவள் ஒருத்திதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, என் நைனாவின் கடைசித் தங்கை.

"கேளுடி, நல்லா கேளு," என்றாள். "பதில் இல்லாதவன்தான் சிரிப்பான்."

சொல்லிவிட்டு என் முதுகிலிருந்து தொலியைத் தட்டிவிட்டாள். வளையல் மேலே ஏறியது. அந்த மஞ்சள் விளக்கில் அவள் மணிக்கட்டைச் சுற்றி கன்றிப்போன ஒரு நீல வளையலும் தெரிந்தது. அது கழற்ற முடியாத வளையல். பொங்கலுக்கு மறுநாள் நகரி மலைக்கு அந்தப் பக்கத்துப் புருஷன் வீட்டிலிருந்து அவள் நடந்தே நம் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது அதை மட்டும்தான்.

அத்தையின் முடி உங்களுக்கு நினைவிருக்கும். நின்றால் முழங்காலைத் தொடும். தலை வாரும்போது அவள் முக்காலி மேல் உட்கார, என் அம்மா தரையில் உட்கார்ந்து நுனியைச் சிக்கெடுப்பாள். "இந்த முடிக்கே தனியா ஒரு எருமை கட்டணும்டி, எண்ணெயும் நெய்யும் போட்டு மாளல," என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அத்தையின் புருஷன், மாமா, அந்த முடியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் அத்தையோடு பேசுவார். அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இரண்டு முறை பஞ்சாயத்து வைத்து அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறை புளியமரத்தடியில் கூடினார்கள். அமாவாசைக்குள் புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், போகாதவளை வீட்டில் வைத்துக்கொள்பவனுக்கு ஊரில் நெருப்பும் தண்ணியும் கிடையாது என்று முடிவானது. நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். அந்தப் படத்தை அவரும் பார்த்திருந்தார், என்னைவிட அதிகத் தடவை.

"தீவு மாதிரி ஒரு எடம் வேணும்," என்றார் மெதுவாக. "மனுச வாடையே இருக்கக் கூடாது. நாலு பக்கமும் காவல். பங்காருபாளையத்தத் தாண்டி மலையடியில தோப்புக் காவலுக்குக் கேட்டாங்க இல்ல? ஒத்துக்கினு எல்லாரும் போயிடலாம். யாரு வந்து பார்ப்பான்?"

அம்மா கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டே, "தீவுக்குப் போயிட்டா வயிறு இங்கயே இருந்துடுமா?" என்றாள்.

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"உங்க பொண்ணு கொட்டாயில கேட்டதுக்கே நீங்க இன்னும் பதில் சொல்லல."

சித்தப்பா, நைனாவுக்கு இளையவர், உடனே நைனா பக்கம் சேர்ந்துகொண்டார். அவருக்கு அடியாள் வேடம் பிடித்திருந்தது.

வைக்கோல் வண்டியில் அத்தையை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்து, பட்டப்பகலில் ஊரைத் தாண்டினோம். அதே காலையில்தான் கொட்டாயையும் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரில் கதை கட்டியாகிவிட்டது: படமும் போச்சு, பொம்பளையும் போச்சு.

அந்த மிஷின்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அறுந்த ஃபிலிம் துண்டு கேட்டு அவர் பின்னால் போனவர்கள்தான் நீங்கள் எல்லாம். அறுபது வயது, பல் பாதி இல்லை, ஒரு ரீல் டப்பாவைத் தூக்கினால் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அவரோடு ஓடினாள் என்றால் அத்தை அவரையும் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்க வேண்டும். இதை அன்றைக்கு ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவளைப் பார்த்துச் சிரிக்கத்தான் உங்களுக்குத் தெரிந்தது.

தோப்பு நிஜமாகவே தீவுதான். கடைசி ஊரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, பாறைக் காட்டுக்குள் போனால் திடீரென்று இருட்டாக மாமரம். பேனிஷா ஒரு பக்கம், கிளிமூக்கு ஒரு பக்கம். சருகின் மேல் அணில் ஓடினாலும் ஆள் வருவது போல் கேட்கும். காம்பிலிருந்து வழியும் பால் கையில் பட்டால் தோல் வெந்துபோகும். இன்றைக்கும் பச்சை மாங்காயை முகர்ந்தால் எனக்கு முதலில் அந்த எரிச்சல்தான் வரும். நடுவில் ஓலைக் குடிசை ஒன்று.

நைனா காவலை அந்தப் படத்தில் பார்த்தபடியே போட்டார். சுற்றி முள் வேலி. கயிற்றில் கட்டிய காலி டப்பாக்கள், யாராவது தொட்டால் கலகலக்கும். பரண் மேல் சித்தப்பா, கையில் கவண். ஒரு நாய், அது யாரைப் பார்த்தாலும் வாலாட்டும். ஆள் வந்தால் சித்தப்பா குயில் மாதிரி கூவ வேண்டும், கேட்டதும் அத்தை குடிசைக்குள் போய் மாங்காய்க் கூடைகளுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அதுதான் ரகசிய சைகை.

மாம்பழக் காலத்தில், மாந்தோப்பில், குயில் சைகை!

முதல் நாள் முழுக்க அத்தை ஓடினாள். பாதி சோற்றில் எழுந்து ஓடினாள். குளித்த ஈரத்தோடு ஓடினாள். இரண்டாம் நாள் மதியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பரணுக்குக் கீழே வந்து நின்றாள்.

"தே அண்ணா, இந்தத் தோப்புல மொத்தம் எத்தினி பேரை வேலைக்கு வெச்சிக்கிற? எல்லா மரத்துல இருந்தும் கூவறாங்களே!"

சித்தப்பா சைகையைக் காக்காயாக மாற்றினார். அது இன்னும் மோசம்.

நாங்கள் சிரித்தோம். அவள் சிரித்து நான் முதலில் பார்த்தது அங்கேதான். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அம்மா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்தக் கணக்கு தெரிந்தது.

உப்பு வாங்கப் பங்காருபாளையம் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா உப்பை அளந்துகொண்டே, "ஏமே பாப்பா, சுட்டாலு ஒச்சினாரா?" என்றாள். விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று கேட்கிறாள். இல்லை என்றேன். "பின்ன இன்னாத்துக்கு நாலு பேரு வூட்டுக்கு உப்பும் மொளகாயும் இவ்ளோ சாஸ்தியா போது?" தயிர்க்காரி குடிசை வாசலில் கவிழ்த்து வைத்த தட்டுகளைக் கண்ணாலேயே எண்ணிவிட்டுப் போனாள். கொடியில் காயும் புடவையைப் பார்த்து ஆடு மேய்க்கிறவர், "இது உங்கம்மாவுது இல்லையே, உங்கம்மாவுது பச்சை இல்ல?" என்றார். அவர்கள் யாரும் உளவாளிகள் இல்லை, கெட்டவர்களும் இல்லை. பாறையையும் ஆட்டையும் தவிர பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு புதுப் புடவை காய்ந்தால் அதுதானே அன்றைய சேதி?

நைனாவிடம் சொன்னேன். "நைனா, எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சி."

"யாருக்கு? இங்க ஆளே இல்லியே."

"ஆள் இல்லாததாலதான் நைனா தெரியுது."

"போடி, போய் மாங்கா பொறுக்கு."

இதைப் படிக்கிற யாராவது சினிமா எடுக்கிறவராக இருந்தால் இங்கே கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். தனி இடத்தில் இருப்பவனுக்கு ஊரைவிட அதிகமாக ஊர் வேண்டும். கிணறு உள்ள தெருவில் இருப்பவன் பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கிக்கொள்வான். தீவில் இருப்பவனுக்குத் தீக்குச்சி முதல் தீவுக்கு வெளியேயிருந்துதான் வர வேண்டும். கொண்டு வருகிறவனுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள். அவள் கேட்பாள், இன்றைக்கு எங்கே போனாய் என்று. முடிந்தது தீவு.

எங்கள் தீவு முடிந்தது முடியால்.

நம் பக்கத்தில் வாரும்போது உதிர்கிற முடியை எறிய மாட்டோம். சுருட்டிக் கூரை ஓலையில் செருகி வைப்போம். சவரி முடி வாங்குகிறவர் வந்தால் கொடுத்து ஊசி, பாசி, ஈயச் சாமான் என்று வாங்கிக்கொள்வோம். தோப்புக் குடிசையிலும் அத்தையின் முடி உருண்டை உருண்டையாகக் கூரையில் இருந்தது. ஒரு நாள் அம்மாவும் அத்தையும் ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருந்தபோது முடிக்காரர் சைக்கிளில் வந்தார். டப்பாக்கள் கலகலத்தன, நாய் வாலாட்டியது, சித்தப்பா காக்காய் மாதிரி கத்தினார். எல்லாக் காவலும் ஒழுங்காக வேலை செய்தன. நைனாவுக்கு மண்ணெண்ணெய் ஊற்ற ஒரு புனல் வேண்டியிருந்தது. அவரே கூரையிலிருந்து முடியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

முடிக்காரர் ஒரு உருண்டையைப் பிரித்தார். பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு முழங்கையால் அளந்து பார்த்தார்.

"சாமி, இந்த நீளத்துக்கு நான் ஒரே ஒரு வூட்லதான் வாங்கிக்கிறேன். நகரி மலைக்கு அந்தாண்ட. இப்ப அந்தம்மா வூட்ல இல்லன்றாங்க. வூட்டுக்காரர் எங்கெங்கியோ தேடிக்கினு இருக்காரு."

நைனாவின் முகம் மாறவில்லை. பெருமையாக நிமிர்ந்து, "எங்க வூட்டுப் பொம்பளைங்க எல்லாருக்குமே முடி இப்பிடித்தான்," என்றார்.

முடிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். என் தலையில் எலி வால் மாதிரி ஒரு பின்னல். அவர் முடியைப் பையில் போட்டு, புனலைக் கொடுத்துவிட்டு, சித்தூர் ரோட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

அம்மா திரும்பி வந்ததும் புனலைத்தான் பார்த்தாள்.

"இது ஏது?"

நைனா மாங்காய்க் கூடையை எண்ண ஆரம்பித்தார். நான் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். அம்மா ஈரத் துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா திட்டியிருந்தால் நைனாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கௌம்புங்க," என்றாள். "இன்னிக்கே திருப்பதி போறோம்."

"உனக்கு இன்னா பைத்தியமா?" நைனா குதித்தார். "உலகமே அங்க வருதும்மே! அவங்க ஊர்லேர்ந்து வாரத்துக்கு ஒரு வண்டி போது!"

"அதனாலதான். இங்க ஒரு தட்டு கூட இருந்தா தயிர்க்காரி எண்றா. அங்க லட்சம் பேரு துன்றாங்க, எவன் எண்ணுவான்? இங்க ஒரு புதுப் பொடவை காஞ்சா சேதி. அங்க சத்திரம் முழுக்கப் பொடவைதான்."

"மூஞ்சி? மூஞ்சியப் பார்த்தா தெரியாதா?"

"அவன் என்னிக்கு அவ மூஞ்சியப் பார்த்தான்?" என்றாள் அம்மா. "அவனுக்குத் தெரிஞ்சது முடிதான்."

அத்தை பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நுனியைப் பார்த்தாள்.

"அண்ணி, மொத்தமாவா?"

"அதுதான் உன்னக் காட்டிக் குடுக்குது. சாமிக்குக் குடுத்துடு. சாமிகிட்டப் போய் எவனும் கேக்க முடியாது."

அத்தை பின்னலைத் தூக்கி முதுகுப் பக்கம் எறிந்தாள்.

"சரி அண்ணி. இனிமே எதப் புடிச்சி இழுப்பான்னு நானும் பாக்கறேன்."

காவலுக்கு நைனாவும் சித்தப்பாவும் தோப்பிலேயே இருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

மலை மேல் முடி இறக்கும் கூடத்தில் தரை எப்போதும் ஈரம். கத்தி போகிற சரசர சத்தமும், பிள்ளைகளின் அழுகையும், கோவிந்தா கோவிந்தாவும் ஒன்றாகக் கேட்கும். அத்தை பின்னலை அவிழ்த்து விட்டுக்கொண்டு உட்கார்ந்ததும், முடி எடுப்பவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மூடு கத்தெர்லு சாலம்மா," என்றார். மூன்று கத்திரி வெட்டினால் போதும், பெண்களுக்கு அது வழக்கம்தான்.

"அந்தா தீசேயி அண்ணா," என்றாள் அத்தை. எல்லாவற்றையும் எடு.

அவர் மறுபடியும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நனைந்த தாம்புக் கயிறு மாதிரி முடி அவள் மடியில் விழுந்து, மடியிலிருந்து தரைக்குச் சரிந்தது. அத்தை கண்ணை மூடவில்லை. அது போவதை முழுக்கப் பார்த்தாள். அதன் பிறகு அம்மாவும் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். எலி வால் போனதில் எனக்கு வருத்தமில்லை. சந்தனம் அப்பியதும் தலைக்குள் மழை பெய்தது போல் ஒரு குளிர்ச்சி. வெளியே வந்தால், எங்கே பார்த்தாலும் மஞ்சள் மொட்டை. ஆண், பெண், கிழவன், குழந்தை. அம்மாவையே நான் ஒரு நிமிடம் தேடினேன்.

கீழ்த் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். இதற்குள் முடிக்காரர் வழியாகச் சேதி கிடைத்து மாமா, பங்காளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, தோப்புக்குப் போயிருக்கிறார். குடிசையைப் பிரித்துப் போட்டுத் தேடியிருக்கிறார். நைனா வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா, உதடு கிழிந்த பிறகும் திறக்கவில்லை. அவரை அடியாள் என்று கேலி செய்ததை அன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் தயிர்க்காரி பாவம், யாரோ உறவுக்காரர் என்று நினைத்து, திருப்பதி பஸ்ஸில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் கோவிந்தராஜ சாமி கோயில் தெருவில் நான்தான் முதலில் மாமாவைப் பார்த்தேன். எதிர்ப் பக்கத்தில் இருந்து வந்துகொண்டிருந்தார். பெண்களைப் பின்னாலிருந்து பார்த்தார். நீளப் பின்னல் ஒன்று தெரிந்தால் வேகமாகப் போய் முன்னால் திரும்பி முகத்தைப் பார்ப்பார். இல்லை என்றதும் அடுத்த பின்னல். தெரு குறுகல். பின்னால் தள்ளுகிற கூட்டம். திரும்பி ஓடினால் கூட்டத்தில் ஓடுகிற மூன்று பேர் நாங்கள் மட்டும்தான்.

அம்மா, "முக்காடு போடும்மே, முக்காடு," என்று கிசுகிசுத்தாள்.

அத்தையின் கை என் கையில் இருந்தது. அதை உருவிக்கொண்டாள். ஆனால் அவள் செய்தது என்ன தெரியுமா? தோளில் ஏறியிருந்த முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். சந்தன மொட்டை வெயிலில் பளபளவென்று தெரிய, வளையல் கடை ஒன்றின் பக்கம் திரும்பி, வளையல் பார்க்கிறவள் மாதிரி நின்றாள். அந்தத் தெருவில் முக்காடு போட்டவள் ஒருத்தி இருந்திருந்தால் அவளைத்தான் அவர் பார்த்திருப்பார்.

மாமா எங்களுக்குப் பின்னால் வந்துவிட்டார். அந்தப் புகையிலை வாடை எனக்குத் தெரியும். நான் கடையில் தொங்கிய ரிப்பன்களுக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். வழி இல்லாமல் அவர் நின்றார். அத்தையின் தோளுக்கு ஒரு சாண் தூரம்.

"கொஞ்செம் ஜரகண்டம்மா," என்றார், கொஞ்சம் நகருங்கம்மா என்று.

அத்தை தள்ளி நின்றாள். அவர் போய்விட்டார். தூரத்தில் ஒரு சிவப்புக் குஞ்சலம் வைத்த பின்னல் போய்க்கொண்டிருந்தது, அதன் பின்னால் போனார்.

அத்தை வளையல் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நானும் அழத் தொடங்கிவிட்டேன். அம்மா அவளைத் திருப்பினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் வழிய வழிய.

"கேட்டீங்களா அண்ணி? 'ஜரகண்டம்மா'வாம்! தாலி கட்டின நாள்லேர்ந்து ஏய், ஓய், சனியனேன்னுதான் கூப்டான். முடி போன மறுநாளே 'அம்மா'ன்றான், மரியாதை குடுக்கறான்! இதுக்கா இத்தினி நாள் சீக்காய் தேச்சேன்?"

வளையல் கடைக்காரர் எதுவும் புரியாமல் அவரும் சிரித்தார்.

அத்தை திருப்பதியிலேயே இருந்துவிட்டாள். ஒரு மெஸ்ஸில் மாவரைத்தாள். பிறகு ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் சொந்தமாக இட்லி சுட்டாள். முடி கழுத்தைத் தொட்டால் மலை ஏறிக் கொடுத்துவிட்டு வருவாள். நாங்கள் அவளைப் பார்க்க அடிக்கடி போனோம். எவ்வளவு பக்தியான குடும்பம் என்று நீங்கள் எல்லாம் மெச்சினீர்கள். திருப்பதிக்குப் போகிறவர்களை ஏன் போகிறாய் என்று யார் கேட்பார்?

மாமா ஊருக்குத் திரும்பியதும் பஞ்சாயத்தில் அவரே சொல்லிவிட்டார், மிஷின்காரனோடு ஓடினவள் எனக்கு வேண்டாம் என்று. தலை முழுகிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவர் அதை நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அடி தாங்காமல் போனாள் என்றால் கறை அவர் கையில். ஓடிப் போனாள் என்றால் கறை அவள் மேல். எந்தக் கதை அவருக்கு வசதி என்று பஞ்சாயத்துப் பெரியவர்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தலையாட்டினார்கள்.

நைனா அப்போதும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தேடல் மறுபடி தொடங்கியிருக்கும். திருவிழாவில் எங்கள் வீட்டுத் தட்டைக் கடைசியில் வாங்கினார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், ஓடுகாலி வம்சம் என்று காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றைக்கு நைனா பேச வாயெடுத்தார். அம்மா பாயின் மேல் கையை வைத்து அவர் காலை அழுத்தினாள். நான் கதவிடுக்கில் நின்று அதைப் பார்த்தேன். அன்று அவரைக் கோழை என்று நினைத்தேன். ஒருத்தி தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று தன் தலையைக் கடைசிவரை குனிந்து வைத்திருந்த மனிதர் கோழை இல்லை. குயில் சைகையில் தப்புச் செய்தார், புனலில் தப்புச் செய்தார். இதில் செய்யவில்லை.

போன பங்குனியில் அத்தை போய்விட்டாள், தன் இட்லிக் கடைக்கு மேல் மாடியில், தன் சொந்தக் கட்டிலில். மாமா போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. அதன் பிறகாவது ஊருக்குச் சொல்லலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "வுடுடி, ஊரு வாய்க்கெல்லாம் இட்லி சுட என்னால ஆவாது," என்றாள். அது அவள் பெருந்தன்மை. எனக்கு அது கிடையாது. எனக்கு ஊர் வாய்க்கு இட்லி சுடத் தெரியும். இதோ சுட்டுவிட்டேன், தின்னுங்கள்.

பேத்தி படித்துப் பார்த்துவிட்டாள். ஒற்றெல்லாம் போட்டுவிட்டாள். பிறகு, "ஆயா, இது எல்லாருக்கும் தெரிஞ்சா பரவால்லியா?" என்றாள்.

"தெரியணும்னுதான்டி எழுதனேன். எங்க, மொதல்லேர்ந்து படி, நான் கேக்கறேன்."

அவள் மெதுவாக ஆரம்பித்தாள், அடுப்படியில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"இங்க இல்ல. வாசலுக்கு வா. நடுத் தெருவுல நின்னு படி. சத்தமா."